பூக்களிலும் பங்காளி முறை

'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஊரே அந்தப் புத்தகத்தை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, எழுதிய சார்லஸ் டார்வினோ 1860ஆம் ஆண்டு வசந்தத்தில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், தன் வீட்டருகே பூக்களைப் பிரித்துப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார். பிரிமுலா என்ற மஞ்சள் பூ. புல்வெளியில் தானாக முளைப்பது. அதில் இரண்டு வகைச் செடிகள் இருப்பது அங்கே தோட்டம் வைத்திருந்தவர்களுக்கு முன்பே தெரியும். ஒரு வகையில் பூவின் வாய்க்கு நடுவே சூல்முடி குண்டூசித் தலைபோல எட்டிப் பார்க்கும். மகரந்தப்பைகள் குழலுக்குள் பாதி ஆழத்தில் இருக்கும். மற்ற வகையில் நேர்மாறு: மகரந்தப்பைகள் வாயில் கொத்தாக நிற்கும், சூல்முடி உள்ளே பதுங்கியிருக்கும். முதலாவதைக் குண்டூசியின் பெயராலும் இரண்டாவதைத் தறியில் பாவு முடிந்ததும் மிஞ்சும் நூல் துண்டின் பெயராலும் அந்த ஊரார் அழைத்தார்கள். நாமும் ஊசிப்பூ, நூல்பூ என்றே வைத்துக்கொள்வோம்.

டார்வின் 500-க்கும் மேற்பட்ட பூங்கொத்துகளை எண்ணினார். இரண்டு வகையும் ஏறத்தாழ சரிபாதி.

இந்தச் சரிபாதியில்தான் சிக்கல் இருக்கிறது. இயற்கைத் தேர்வை நாம் பள்ளியில் சல்லடையாகப் படித்தோம்: நல்லது தங்கும், மற்றது உதிரும். அப்படியானால் இரண்டில் ஒன்று கொஞ்சமாவது மேலானதாக இருக்குமே, அது மற்றதை எப்போதோ துடைத்துப் போட்டிருக்க வேண்டாமா? ஆயிரம் தலைமுறை சலித்த பிறகு ஒரே மாதிரிச் செடிகள்தானே மிஞ்ச வேண்டும்? ஆனால் எந்தக் காட்டுச் செடியை எடுத்தாலும், ஒரே இனத்துக்குள் நிறம், உயரம், பூக்கும் நாள், நோய் தாங்கும் திறன் எல்லாமே செடிக்குச் செடி வேறுபடுகின்றன. அவற்றில் ஒரு பகுதி சும்மா ஒட்டிக்கொண்டிருப்பது. தேர்வின் கண்ணில் படாதது. இன்னொரு பகுதியோ தேர்வு வேண்டுமென்றே பாதுகாத்து வைத்திருப்பது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பிரிமுலாவின் கணக்கை டார்வின் 1862இல் வெளியிட்டார். ஊசிப்பூவில் ஆழமாக இருக்கும் மகரந்தம் தேனீயின் உறிஞ்சுகுழலில் ஓரிடத்தில் ஒட்டுகிறது. அடுத்த நூல்பூவுக்குள் தேனீ நுழையும்போது அந்த இடம் உள்ளே பதுங்கிய சூல்முடியில் சரியாகப் படுகிறது. எதிர்த்திசையிலும் அப்படியே. ஊசிக்கு ஊசியோ நூலுக்கு நூலோ சேர்ந்தால் விதை சரியாகப் பிடிப்பதில்லை. தன் ஆய்வுகளிலேயே இந்தப் பூக்களின் பொருளைக் கண்டுகொண்டதுபோல வேறெதுவும் தனக்கு மகிழ்ச்சி தரவில்லை என்று அவர் பிற்காலத்தில் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார். இயற்கைத் தேர்வையே முன்வைத்தவர் இதைச் சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது ஒரு புல்வெளியில் நூல்பூச் செடிகள் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒன்றுக்குச் சுற்றியுள்ள ஒன்பதும் வரன். ஒன்பது ஊசிகளோ அந்த ஒரு நூலுக்காகப் போட்டி போட வேண்டும். நூலுக்கு விளைச்சல் கூடுகிறது, அடுத்த தலைமுறையில் எண்ணிக்கை ஏறுகிறது. அளவுக்கு மீறிப் பெருகினால் சலுகை மறுபக்கம் போய்விடும். தராசு தானாகவே நடுவில் வந்து நிற்கிறது. இதில் எந்தப் பூவும் 'மேலானது' இல்லை. குறைவாக இருப்பதுதான் பலம்.

(கத்தரித் தோட்டம் வைத்திருப்பவர்கள், 'எங்கள் செடியிலும் நெட்டைச் சூல்தண்டுப் பூவும் குட்டைச் சூல்தண்டுப் பூவும் உண்டே' என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அவை ஒரே செடியில் வருபவை, குட்டையானவை பெரும்பாலும் காய்க்காமல் உதிரும். அது வேறு கதை. பிரிமுலா போல செடிக்குச் செடி மாறும் அமைப்பு மல்லிகைப் பேரினத்தின் சில சிற்றினங்களில் இருக்கிறது.)

பிரிமுலாவில் இரண்டே கட்சி. குறைவாக இருப்பதே பலம் என்ற இதே விதி கட்சிகளை டஜன் கணக்கில் வளர்த்தெடுத்த செடிகளும் உண்டு. அங்கே பூவின் வெளித்தோற்றம் எல்லாம் ஒன்றுபோலத்தான். வேறுபாடு ஒரேயொரு மரபணு இருக்கையில். நம் பங்காளி முறைதான் இதற்குச் சரியான ஒப்புமை. பங்காளி வீட்டில் பெண் எடுக்க மாட்டோம், கொடுக்கவும் மாட்டோம். புகையிலை, பெட்டூனியா, காட்டுத் தக்காளி இனங்கள் பலவற்றில் ஒவ்வொரு மகரந்தத் தூளும் ஒரு குலப்பெயரைச் சுமந்து வருகிறது. செடியிடம் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பெயர்கள். வந்த மகரந்தத்தின் பெயர் இந்த இரண்டில் ஒன்றாக இருந்தால் கதவு சாத்தப்படும்: மகரந்தக் குழல் சூல்தண்டுக்குள் இறங்கும் வழியிலேயே, அங்குள்ள ஒரு நொதி அதன் ஆர்.என்.ஏ.வைச் சிதைத்து வளர்ச்சியை நிறுத்திவிடும். செடி தன் மகரந்தத்தையே ஏற்காததும் இதனால்தான்.

கணக்கு எளிது. ஊரில் மூன்றே குலம் என்றால், ஒரு குலத்தின் மகரந்தத்துக்கு மூன்றில் ஒரு செடிதான் கதவு திறக்கும். நான்காவதாக ஒரு புதுக் குலம் திடீர் மாற்றத்தால் பிறந்தால் அதற்கு எல்லா வீடும் சம்பந்தி வீடு. மற்றவர்களைவிட மூன்று மடங்கு வாய்ப்பு. அது பெருகும். ஐந்தாவது வரும், ஆறாவது வரும். இருபது குலம் ஆனதும் பழைய மகரந்தங்களுக்கே பத்தில் ஒன்பது கதவுகள் திறந்திருக்கும்; புதிதாக வருபவருக்குச் சலுகை சொற்பம். அங்கே வேகம் குறைகிறது. சிறிய கூட்டத்தில் அவ்வப்போது ஒரு குலம் தற்செயலாக அழிந்தும் போகும். வரவும் செலவும் சரியாகும் இடத்தில் எண்ணிக்கை நிற்கிறது.

இதற்கான கணிதத்தை 1939இல் மரபியலாளர் செவால் ரைட் எழுதினார். தூண்டியது அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில், ஆர்கன் மலைகளின் சில பள்ளத்தாக்குகளில் மட்டுமே வளரும் ஒரு மாலைப்பூச் செடி. மொத்தச் செடிகளே சில நூறுதான் என்று அப்போது கணித்தார்கள். அந்தச் சிறு கூட்டத்தில் இன்னொரு மரபியலாளரான ஸ்டெர்லிங் எமர்சன் தேடிக் கண்டெடுத்த குலங்கள் நாற்பதுக்கும் மேல். சாதாரண மரபணு என்றால் இவ்வளவு சிறிய கூட்டத்தில் சீட்டுக் குலுக்கல்போல ஒவ்வொன்றாகக் காணாமல் போய் ஒன்றிரண்டுதான் மிஞ்சும். இங்கே ஏதோ ஒரு கை அவற்றை விழாமல் தாங்கிப் பிடித்திருக்கிறது.

எவ்வளவு காலமாக? 1990இல் இதற்கு ஒரு விடை கிடைத்தது. புகையிலையின் ஒரு குலமரபணுவைப் புகையிலையின் இன்னொன்றோடு ஒப்பிட்டதைவிட, பெட்டூனியாவின் ஒன்றோடு ஒப்பிடும்போது சில இடங்களில் ஒற்றுமை அதிகமாக இருந்தது. அதாவது புகையிலையின் அந்த இரண்டு குலங்களும் பிரிந்தது, புகையிலையும் பெட்டூனியாவும் தனித்தனி இனங்களாகப் பிரிவதற்கு முன்பு. இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய வேறுபாடு அது. மலைகள் எழுந்தன, இனங்கள் பிரிந்தன. அந்தப் பெயர்கள் மட்டும் அழியாமல் இறங்கி வந்திருக்கின்றன.

அரியதற்குக் கிராக்கி என்ற விதி எல்லா இடத்திலும் இவ்வளவு துல்லியமாக வேலை செய்வதில்லை. ஐரோப்பாவில் மஞ்சளும் ஊதாச் சிவப்புமாகக் கலந்து பூக்கும் ஓர் ஆர்க்கிட் உண்டு. அதில் தேன் கிடையாது, ஏமாற்றுப் பூ. ஒரு நிறத்தில் ஏமாந்த வண்டுத்தேனீ அடுத்து மற்ற நிறத்தை முயலும், எனவே அரிய நிறத்துக்கு வருகை கூடும் என்று பிரான்ஸில் நடந்த சோதனை ஒன்று 2001இல் காட்டியது. அழகான முடிவு, பாடப்புத்தகங்களுக்கும் போனது. பின்னர் வேறு கூட்டங்களில் பார்த்தவர்களுக்கு அது அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை. எனக்கு அந்த ஆர்க்கிட் பிடிக்கும்; ஆனால் சாட்சியாக நிறுத்துவதென்றால் ஆர்கன் மலைச் செடியைத்தான் நிறுத்துவேன்.

வேறுபாட்டைக் காக்க இன்னும் வழிகள் இருக்கின்றன. ஒன்று, வானம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஐயன் மவுண்டன் சரிவில் மஞ்சள் மிமுலஸ் செடிகள் பனி உருகும் ஈரத்தில் முளைத்து, அது வறளுமுன் விதைத்துவிட்டுச் சாகின்றன. பூவைப் பெரிதாக்கும் மரபணு வடிவங்கள் பூக்கும் நாளைத் தள்ளிப்போடுகின்றன. ஈரம் நீடித்த ஆண்டில் பெரிய பூ அதிக விதை தரும். சீக்கிரம் காய்ந்த ஆண்டில் அவசரமாகப் பூத்த சிறியதுதான் பிழைக்கும். ஆண்டுக்கு ஆண்டு வானிலை மாறுவதால் எந்த வடிவமும் முழு வெற்றி பெறுவதில்லை. மானாவாரி நிலத்தில் குறுகிய காலப் பயிரா, நீண்ட காலப் பயிரா என்று யோசித்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

இன்னொன்று, செலவு. கடுகுக் குடும்பத்தின் அரபிடாப்சிஸ் செடியில் ஒரு நோய் எதிர்ப்பு மரபணு சில செடிகளில் இருக்கிறது, சிலவற்றில் அறவே இல்லை. ஒரு பாக்டீரியாவை அடையாளம் கண்டு எதிர்க்க அது உதவும். இவ்வளவு பயனுள்ளது ஏன் எல்லாச் செடியிலும் இல்லை? 2003இல் வெளியான வயல் சோதனையில், நோய் தாக்காத நிலையில் அந்த மரபணு உள்ள செடிகள் சுமார் 9% குறைவாக விதைத்தன. திருடன் வராத தெருவில் காவலாளிக்குச் சம்பளம். நோய் பரவும்போது அந்தச் சம்பளம் நியாயம், இல்லாதபோது நட்டம். இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்தில் நிலைக்கின்றன.

ஆனால் தேர்வு இருப்பதைத்தான் காக்கும்; வராததை வரவழைக்காது. நம் ஏரிகளை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரை அதற்குச் சாட்சி. தென் அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக உலகம் சுற்றிய அதன் பூவில், பிரிமுலாவை மிஞ்சும் வகையில், சூல்தண்டு நெட்டை, நடுத்தரம், குட்டை என மூன்று வகைச் செடிகள் உண்டு. கப்பலேறியதோ பெரும்பாலும் நடுத்தர வகை. அதுவும் விதையைவிட ஒடிந்த துண்டுகளாலேயே பெருகுவதால், புதிதாகப் போன நாடுகளில் பல நீர்நிலைகள் நிறைய இருப்பது மரபளவில் ஒரே செடியின் நகல்கள். வேறுபாடு இல்லாமலேயே அது இவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அமேசான் பக்கம் மூன்று வகையும் இன்னும் பூக்கின்றன. நம் ஏரிக்கரையில் ஊதா நிறக் கதிரிலிருந்து ஒரு பூவைப் பறித்துப் பிரித்துப் பாருங்கள்: பெரும்பாலும் நடுத்தரச் சூல்தண்டு, பக்கத்துக் கதிரிலும் அதே, எதிர்க்கரையிலும் அதே.