பி.எட். காலேஜ்: கட்டடத்தைப் பார்க்காதீங்க, கிளாஸ்ரூமைக் கேளுங்க

வழக்கமா கோடிங், வேலை, சம்பளம்னு பேசுவோம். இன்னைக்குக் கொஞ்சம் வேற.

போன வாரம் சித்தி பொண்ணு போன் பண்ணா. பிளஸ் டூ முடிச்சிருக்கா, கணக்கு டீச்சர் ஆகணும்னு ஆசை. "அண்ணா, பக்கத்துல ஒரு காலேஜ்ல பி.எஸ்சி. பி.எட். சீட் இருக்காம். தினமும் வர வேண்டாம், அட்டெண்டன்ஸை நாங்க பாத்துக்குறோம்னு சொல்றாங்க. சேர்ந்துடவா?"

சித்தப்பாவுக்கு அது சலுகை. எனக்குப் பயம். நான் இன்ஜினியரிங் சேர்ந்ததே பஸ் ரூட்டையும் வாசல்ல இருந்த பிளேஸ்மென்ட் பேனரையும் பார்த்துதான். காலேஜ்ல விட்டதை அப்புறம் யூடியூப் பார்த்துக் கத்துக்கிட்டேன். கோடுல தப்பு பண்ணா எரர் வரும், திருத்திக்கலாம். வகுப்புல தப்பு பண்ணா? எதிர்ல உட்கார்ந்திருக்கிறது நாற்பது பசங்க.

அதனால உட்கார்ந்து படிச்சேன். மூணு கேள்வி கேட்டா போதும்னு தோணுது.

முதல் கேள்வி: எந்த வயசுப் பிள்ளைங்களுக்குச் சொல்லித்தரப் போறீங்க? ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரைக்கும்னா பி.எட். செல்லாதுன்னு 2023 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. அதுக்கு டி.எல்.எட். மாதிரி தொடக்கக் கல்விக்கான படிப்பு வேணும். மேல் வகுப்புக்குன்னா ரெண்டு வழி: மூணு வருஷ டிகிரி முடிச்சு ரெண்டு வருஷ பி.எட்., இல்லன்னா நாலு வருஷ ஒருங்கிணைந்த படிப்பு. ரெண்டாவதுல ஒரு வருஷம் மிச்சம். ஆனா டீச்சர் வேலைதானான்னு இன்னும் யோசிக்கிறவங்க, முதல்ல டிகிரியை முடிக்கிறது நல்லது.

ரெண்டாவது: என்.சி.டி.இ. அங்கீகாரம் இருக்கா? இந்த அமைப்புக்கான சட்டம் 1993-ல வந்தது. அங்கீகாரம் இல்லாத இடத்துல வாங்கின பட்டம் அரசுப் பள்ளி வேலைக்கும் அரசு உதவி பெறும் பள்ளி வேலைக்கும் செல்லாது. இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. பி.எட்.-க்கு இருக்குன்னா நாலு வருஷப் படிப்புக்கும் இருக்குன்னு அர்த்தம் இல்ல. ஆணையைக் காட்டச் சொல்லுங்க, என்.சி.டி.இ. இணையதளத்துலயும் சரிபாருங்க.

மூணாவதுதான் முக்கியம்: எத்தனை வாரம் நிஜமான வகுப்புல நிக்க விடுவாங்க? தமிழ்நாட்டுல பெரும்பாலான பி.எட். கல்லூரிகள் 2008-ல தொடங்கின ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தோட இணைஞ்சவை. ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு, சான்றிதழ்ல ஒரே பேர். அப்ப காலேஜுக்குக் காலேஜ் மாறுறது எது? பயிற்சிதான். 2014 விதிமுறைப்படி ரெண்டு வருஷ பி.எட்.-ல 20 வாரம் பள்ளிப் பயிற்சி கட்டாயம். சில இடத்துல அது ரெக்கார்டு நோட்டோட முடிஞ்சிடுது.

நல்ல பயிற்சி எப்படி இருக்கும்? மைசூர்ல என்.சி.இ.ஆர்.டி.யோட மண்டலக் கல்வி நிறுவனம் இருக்கு, 1963-லிருந்து. நுழைவுத் தேர்வு எழுதி நம்ம ஊர்ப் பசங்களும் சேரலாம். அங்க வளாகத்துக்குள்ளயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. படிச்ச இடத்துக்குப் பக்கத்துலயே பாடம் நடத்திப் பார்க்கலாம். எல்லா காலேஜுலயும் இந்த வசதி இருக்காது. ஆனா எந்தப் பள்ளிக்கு அனுப்புவீங்க, நான் பாடம் நடத்தும்போது யார் பின்னால உட்கார்ந்து பார்ப்பாங்கன்னு கேட்கலாம் இல்லையா?

தங்கச்சி கேட்டா. "ஏதாவது ஒரு ஸ்கூல்ல நீயே கையெழுத்து வாங்கிட்டு வந்துடும்மா"ன்னு பதில் வந்துச்சு. ஸ்பீக்கர்ல கேட்டுட்டு இருந்த சித்தப்பா ஒண்ணும் பேசல. மறுநாள் காலையில வேற காலேஜைப் பார்க்க அவரே வண்டியை எடுத்தார்.

உங்க வீட்லயும் யாராவது டீச்சர் ஆகணும்னு சொன்னா, இந்த மூணு கேள்வியை அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.