வரி கட்டிய படகுகளின் பாதை

ஜெர்மனியின் பிங்கன் நகரில் கப்பலேறி, ரைன் நதியின் போக்கிலேயே கோப்ளென்ஸ் வரை போனால் சுமார் 65 கிலோமீட்டர். அதற்குள் ஏறத்தாழ நாற்பது கோட்டைகள்! பலவற்றுக்குக் காரணம் வீரமல்ல, வசூல். சரக்குப் படகுகளை மறித்துச் சுங்கம் வாங்கப் பிரபுக்கள் போட்டிபோட்டுக் கட்டினார்கள்.

காவுப் ஊருக்கு எதிரே, ஆற்றின் நடுவிலேயே ஒரு கோட்டை நிற்கிறது: பால்ஸ்கிராஃபென்ஸ்டைன். கட்டத் தொடங்கியது 1326–27 வாக்கில். காசு தராமல் நழுவப் பார்த்த படகுகளைச் சங்கிலி தடுத்தது. 1814 புத்தாண்டில் நெப்போலியனைத் துரத்திவந்த பிரஷ்யத் தளபதி புளூஷரின் படை, மிதவைப் பாலம் அமைத்து இங்கேதான் ஆற்றைக் கடந்தது.

இருபுறச் சரிவுகளிலும் ரீஸ்லிங் திராட்சை. சிலேட் கற்கள் பகல் வெயிலைச் சேமித்து இரவில் கொடிகளுக்குக் கொடுக்கின்றன. செங்குத்தான இடங்களில் அறுவடை இன்றும் கையால்தான்.

பாடி மயக்கும் பெண்ணின் கதையால் புகழ்பெற்ற லோரலை பாறையின் உயரம் 132 மீட்டர். படகுகளைக் கவிழ்த்தது பாட்டல்ல. குறுகி வளையும் ஆறும் அதன் வேகமும்தான். 2011-இல்கூட கந்தக அமிலம் ஏற்றிவந்த கப்பலொன்று இதன் அருகே கவிழ்ந்தது.

கோட்டைகள் எல்லாமே பழையவை என்று நம்பிவிட வேண்டாம். பல, 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படைகளால் தகர்ந்து, 19-ஆம் நூற்றாண்டின் ரசனைக்கேற்ப மீண்டும் எழுந்தவை. அசலைப் பார்க்க விரும்புபவர்கள் பிரௌபாக்கில் இறங்கி, ஒருபோதும் அழிக்கப்படாத மார்க்ஸ்பர்க் கோட்டைக்கு ஏறலாம்.