லாரி எடை மேடையைத் தூக்கி வைத்தால் பழைய முத்திரை செல்லாது!
அதே மெஷின்தான், ஆனால் எடை அதே எடையா?

லாரி வருகிறது. மேடையில் ஏறி நிற்கிறது. அறைக்குள் இருக்கும் பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடி நிற்கின்றன. "28,340 கிலோ" என்று சீட்டு வருகிறது. டிரைவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புறப்படுகிறார்.

அந்தச் சீட்டை நம்பித்தான் பணம் கை மாறுகிறது. ஜல்லிக்குக் காசு, நெல்லுக்குக் காசு, பழைய இரும்புக்குக் காசு, லாரி வாடகை எல்லாமே அந்த எண்ணை வைத்துத்தான்.

சரி, அந்த எடை மேடையைக் கழற்றி வேறு இடத்தில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? அதே இரும்பு, அதே மெஷின், அதே பெட்டி. எடையும் அதேதானே காட்டும்?

காட்டும் என்று நம்பக்கூடாது. சட்டமே நம்பவில்லை!

ஏன் இடம் மாறுகிறது?

காஞ்சீபுரம் மாவட்டத்தில் எடை மேடைக்கு வேலை அதிகம். உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கம் கல் குவாரிகள், கிரஷர்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள். கூரம் போன்ற கிராமங்களைச் சுற்றி நெல் வயல்கள். எதுவானாலும் லாரியில்தான் போக வேண்டும். லாரி என்றால் எடை போட வேண்டும்.

குவாரிக் குத்தகை முடிந்தால் மேடையும் கிளம்பும். ரோட்டை அகலப்படுத்தினாலும் கிளம்பும். ஆலையை விற்றால் மேடை தனியாக விலைக்குப் போகும். புதிதாக வாங்குவதை விட, பழையதைத் தூக்கி வைப்பது செலவு குறைவு. அதனால் பலரும் அதைத்தான் செய்கிறார்கள். அதில் தப்பு இல்லை. தூக்கி வைத்த மறுநாளே சீட்டுப் போட ஆரம்பிப்பதுதான் தப்பு!

இப்போது இந்த விஷயம் இன்னும் முக்கியம் ஆகிவிட்டது. 2025-ல் தமிழ்நாட்டில் கல் குவாரிக் கட்டணத்தைக் கன மீட்டர் கணக்கில் இருந்து டன் கணக்குக்கு மாற்றினார்கள். அரசுக்குப் போகும் பணமும் எடையில்தான் நிற்கிறது.

மேடைக்குள் என்ன இருக்கிறது?

அந்தக் காலத்து எடை மேடையில் பள்ளத்துக்குள் பெரிய பெரிய நெம்புகோல்கள் இருக்கும். லாரியின் பாரத்தை நெம்புகோல்கள் படிப்படியாகக் குறைத்து, அறைக்குள் இருக்கும் தராசுக் கம்பிக்குக் கொண்டு வரும். ஆள் குண்டைத் தள்ளித் தள்ளி எடை பார்ப்பார். இங்கிலாந்தில் 1740-களில் ஜான் வையாட் என்பவர் செய்த மேடைத் தராசுதான் இதற்கெல்லாம் முன்னோடி.

இப்போது இருப்பது மின்னணு மேடை. இரும்புத் தளத்துக்குக் கீழே நாலு, ஆறு அல்லது எட்டு "லோடு செல்"கள். ஒவ்வொன்றும் கெட்டியான உருக்குக் கட்டை. பாரம் ஏறினால் உருக்கு மயிரிழை அளவு நெளியும். அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியும் சேர்ந்து நீளும். கம்பி நீண்டால் மின்தடை மாறும். அந்த மாற்றத்தைத்தான் பெட்டி கிலோவாக மாற்றிக் காட்டுகிறது. இந்தக் கம்பியை 1938-ல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள்.

ஆக, மேடை எடையை "பார்ப்பது" இல்லை. உருக்கு நெளிவதை அளக்கிறது. பாரம் நேராக இறங்கினால்தான் நெளிவு சரியாக இருக்கும்.

நாலு கால் நாற்காலி

வீட்டு நாற்காலியை ஒரு அறையில் போட்டால் ஆடாது. பக்கத்து அறையில் போட்டால் ஆடும். நாற்காலி மாறவில்லை, தரைதான் மாறியது!

எடை மேடையும் அப்படித்தான். புது இடத்தில் கான்கிரீட் அடித்தளம் ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்தால் போதும். ஒரு லோடு செல் பாரத்தை வாங்காமல் சும்மா நிற்கும். அதன் பங்கு மற்றவற்றின் மேல் சாயும். லாரி நடுவில் நின்றால் ஒரு எடை, ஓரத்தில் நின்றால் வேறு எடை!

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அடித்தள வேலையில் அவசரப்பட மாட்டார்கள். கான்கிரீட் முழு பலம் பெற 28 நாள் என்பது கட்டட வேலையில் வழக்கமான கணக்கு. அதற்கு முன்பே 40 டன் லாரியை ஏற்றினால் தளம் இறங்கும். லாரி ஏறும் பாதையும் இறங்கும் பாதையும் மேடைக்கு நேராக, சம மட்டத்தில் இருக்க வேண்டும். மழைத் தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டும். சேறும் கல்லும் தளத்துக்கு அடியில் அடைத்துக்கொண்டால், அவையும் கொஞ்சம் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். சீட்டில் எடை குறையும்!

கழற்றும்போதும் ஆபத்து உண்டு. லோடு செல்லைக் கழற்றாமல் தளத்தில் வெல்டிங் வைத்தால், அந்த மின்சாரம் செல்லுக்குள் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எடையில்தான் தெரியும். ஒயரை எலி கடித்தாலும் இதே கதைதான்.

டெல்லிக்குப் போனால் 35 கிலோ!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பூமியின் ஈர்ப்பு எல்லா ஊரிலும் ஒரே அளவு இல்லை. சென்னையை விட டெல்லியில் சற்று அதிகம். சென்னையில் சரி செய்த மின்னணு மேடையை அப்படியே டெல்லியில் வைத்தால், 40 டன் லாரிக்குச் சுமார் 35 கிலோ கூடுதலாகக் காட்டும். லாரியில் ஒரு பிடி மண் கூடவில்லை, ஊர் மாறியது, அவ்வளவுதான்!

பழைய நெம்புகோல் தராசுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் குண்டும் பாரமும் ஒரே ஈர்ப்பில் இருக்கும். ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடும். காஞ்சீபுரத்துக்குள்ளேயே மாற்றினால் ஈர்ப்பு வித்தியாசம் பெரிதாக இருக்காது. ஆனால் அடித்தளத் தொல்லை எங்கே போனாலும் கூடவே வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதற்கான சட்டம் 2009-ம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டம். அது 2011 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை இதைக் கவனிக்கிறது. அந்தத் துறை ஆய்வாளர் வந்து சோதித்து முத்திரை வைக்க வேண்டும்.

மின்னணு எடை மேடைக்கு 12 மாதத்துக்கு ஒரு முறை முத்திரை கட்டாயம். அதோடு விதியில் இன்னொரு வரியும் இருக்கிறது. இருந்த இடத்திலேயே முத்திரை வாங்கிய மேடையைக் கழற்றி மறுபடி நிறுவினால், கெடு முடியாவிட்டாலும், திரும்பக் கட்டணம் கட்டிச் சோதனைக்கு விட வேண்டும். அதன் பிறகுதான் வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாம்.

"போன மாதம்தான் முத்திரை வாங்கினேன்" என்பது பதில் ஆகாது. அந்த முத்திரை மெஷினுக்கு மட்டும் கொடுத்தது அல்ல. மெஷினும் அது நின்ற இடமும் சேர்ந்து வாங்கிய முத்திரை!

பழுது பார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும். தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்து எண்ணைத் திருத்திக்கொள்ள முடியாது.

எப்படிச் சோதிப்பார்கள்?

முதலில் காலி மேடை. பூஜ்யம் காட்ட வேண்டும். பிறகு எடைக்கல் ஏற்றுவார்கள். 20 கிலோ இரும்புக் கல் என்றால், ஒரு டன்னுக்கு 50 கல். 50 டன் மேடைக்கு முழுக்கக் கல் அடுக்க வேண்டும் என்றால் 2,500 கல் வேண்டும்! அது நடக்கிற காரியம் இல்லை. அதனால் ஒரு பங்கு வரை கல் வைத்து எடையைக் குறித்துக்கொள்வார்கள். கல்லை இறக்கி, அதே எடை காட்டும் அளவுக்கு லாரியோ வேறு சரக்கோ நிறுத்துவார்கள். அதற்கு மேல் மறுபடி கல் ஏற்றுவார்கள். இப்படிப் படிப்படியாக மேலே போவார்கள்.

அடுத்து மூலைச் சோதனை. ஒரே பாரத்தை ஒவ்வொரு தாங்கி மேலும் நகர்த்திப் பார்ப்பார்கள். எங்கே வைத்தாலும் ஒரே எடை வர வேண்டும். இடம் மாற்றிய மேடையின் குட்டு வெளிப்படுவது பெரும்பாலும் இங்கேதான்!

எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம்? 10 கிலோ 10 கிலோவாகக் காட்டும் 50 டன் மேடையில், 30 டன் பாரத்துக்கு முத்திரை வைக்கும்போது 15 கிலோ வரை கூடவோ குறையவோ காட்டலாம். பயன்பாட்டில் இருக்கும்போது 30 கிலோ வரை. அதற்கு மேல் போனால் மேடை தேறவில்லை என்று அர்த்தம்.

யார் பணம் போகிறது?

ஒரு லோடுக்கு 100 கிலோ குறைவாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 20 லோடு. இரண்டு டன் காற்றில் போயிற்று! சரக்கு நெல் என்றால், 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு வைத்த சாதாரண ரக ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். 20 குவிண்டாலுக்கு 47,380 ரூபாய். ஒரே நாளில்!

டிரைவருக்கும் தலைவலிதான். 2018-ல் மாற்றிய கணக்குப்படி மூன்று அச்சு டாரஸ் லாரிக்கு, வண்டியோடு சேர்த்து 28.5 டன் வரை அனுமதி. மேடை 28,340 காட்டியது. உண்மையில் இருந்தது 28,640. டிரைவர் சீட்டை நம்பிக் கிளம்பினார். ரோட்டில் நிறுத்தி வேறு மேடையில் எடை போட்டால் அதிக பாரம்! 2019 திருத்தச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய் தனி. "அங்கே சரியாத்தான் காட்டிச்சு சார்" என்றால் யார் கேட்பார்கள்?

கூரத்துக்கு முத்திரை புதிது அல்ல

கூரம் என்றால் படித்தவர்களுக்குக் கூரத்தாழ்வார் நினைவு வரும். சரித்திரம் தெரிந்தவர்களுக்குச் செப்பேடு நினைவு வரும். 7-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த கொடையைச் சொல்லும் செப்பேடு அது. கொடையைச் செம்பில் எழுதி வைத்தது எதற்காக? நாளைக்கு யாரும் மாற்றிப் பேசக்கூடாது என்பதற்காகத்தான்.

உத்திரமேரூரிலும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டியது. குடவோலைத் தேர்தல் பற்றிச் சொல்வது. அதில் ஏரி வாரியம், தோட்ட வாரியத்தோடு "பொன் வாரியம்" என்றும் ஒன்று வருகிறது. பொன்னைச் சோதிக்க ஊரே ஆள் தேர்ந்தெடுத்தது. விற்பவர் சொல்லுக்கும் வாங்குபவர் சொல்லுக்கும் விட்டுவிடவில்லை!

1,100 வருஷத்துக்கு முன்பு பொன்னுக்கு இருந்த நியாயம் இன்றைக்கு ஜல்லிக்கும் நெல்லுக்கும் வேண்டாமா?

நீங்கள் பார்க்க வேண்டியது

எடை போடும் முன் நாலு விஷயம் பாருங்கள்.

ஒன்று: சரிபார்ப்புச் சான்று கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறதா? தேதி முடிந்துவிட்டதா? அதில் உள்ள முகவரி இந்த இடம்தானா?

இரண்டு: முத்திரையில் வருஷமும் ஏ, பி, சி, டி என்ற எழுத்தில் ஒன்றும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், இப்படி மும்மாதக் கணக்கு.

மூன்று: லாரி ஏறும் முன் பெட்டி பூஜ்யம் காட்டுகிறதா?

நான்கு: சந்தேகம் வந்தால் லாரியைக் கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் நிறுத்தி மறுபடி எடை கேளுங்கள். எண் தாறுமாறாக மாறினால் சீட்டை வாங்காதீர்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

மேடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. முத்திரை வாங்கும் வரை மேடையை மூடி வைத்தால் சில நாள் வருமானம் போகும். முத்திரை இல்லாமல் சீட்டுப் போட்டால் அபராதம் வரும். அதை விடப் பெரிய நஷ்டம் ஒன்றும் உண்டு. "அந்த மேடை எடை சரியில்லை" என்று லாரிக்காரர்கள் பேச ஆரம்பித்தால், பிறகு எத்தனை முத்திரை வைத்தாலும் வண்டி உள்ளே திரும்பாது!