உடன்மாணவர் முன் முதற் பிரசங்கம்

கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கப்பட்ட இலங்கை இறையியல் கல்லூரி தமிழிலும் சிங்களத்திலும் போதகர்களைப் பயிற்றுகிறது. இறையியல் கல்லூரிகளில் மாணவர் சபைக்குப் பிரசங்கிக்குமுன் உடன்மாணவர், ஆசிரியர் முன் பிரசங்கித்துப் பழகுவது வழக்கம். முடிந்ததும் குரல், வேத விளக்கம், எடுத்த நேரம் எல்லாவற்றிலும் குறை சொல்வார்கள். கால் நடுங்கும், என்றாலும் பல பிழைகள் அங்கேயே திருந்திவிடும்.

சில பிழைகள் அங்கே எவர் கண்ணிலும் படுவதில்லை. விதைப்பவன் உவமையில் விதை வழியோரத்திலும் கற்பாறையிலும் விழுகிறது. வகுப்பில் அது ஒரு கருத்து. 2007இல் விதைநெல்லை வீட்டிலேயே விட்டுப் படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்தவர்களுக்கோ அது அடுத்த வருடச் சோறு.

உங்களிடம் வரும் இளம் போதகர் வயலைப் பற்றிப் பிழையாகப் பேசினால், ஆராதனை முடிந்தபின் கூசாமல் சொல்லுங்கள். எந்த வட்டையில் எப்போது விதைப்பீர்கள் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.