மூன்று கையெழுத்து

1775 நவம்பர் 23, வியாழக்கிழமை. லண்டன் ஃப்ளீட் தெருவிலிருந்து பிரியும் கிரேன் கோர்ட் என்ற சந்தின் முகப்பில் விளக்கு எரிகிறது. விளக்கு எரிந்தால் அன்று ராயல் சொசைட்டியின் கூட்டம் உண்டு என்று அர்த்தம். சந்துக்குள் இருக்கும் சங்க வீட்டின் கூட்ட அறையில் புதிதாக ஒரு தாள் தொங்குகிறது. கேப்டன் ஜேம்ஸ் குக் வானியலில் தேர்ந்தவர், முன்பின் அறியாத நிலங்களைத் தேடி இரண்டு பெரும் கடற்பயணங்களை நடத்தி முடித்தவர், இந்தச் சங்கத்தில் சேர விரும்புகிறார், அவரை நேரில் அறிந்த நாங்கள் அவர் அதற்குத் தகுதியானவர் என்று நம்புகிறோம். இதுதான் அந்தத் தாள் சொன்ன செய்தி. கீழே இருபதுக்கும் மேற்பட்டவர்களின் கையெழுத்துகள். விதிப்படி மூன்றே போதும்.

யார்க்‌ஷையரின் மார்ட்டன் கிராமத்தில் ஒரு பண்ணைக் கூலியின் மகனாக 1728இல் பிறந்தவர் குக். நிலக்கரி ஏற்றிச் செல்லும் கப்பலில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர். நியூட்டன் தலைமை வகித்த ஒரு சங்கத்தின் சுவரில் அவர் பெயர் எப்படி ஏறியது? அந்தச் சங்கத்துக்குள் அந்த நூற்றாண்டில் யாரெல்லாம் நுழைந்தார்கள், யாரெல்லாம் வாசலோடு நின்றார்கள்? அந்தக் கதையைச் சுவரில் தொங்கிய தாளிலிருந்தே தொடங்கலாம்.

சம்பளம் இல்லை, சந்தா உண்டு

இயற்கையைப் பற்றிய உண்மையைச் சோதனை செய்து பார்த்தே ஏற்க வேண்டும் என்ற கொள்கையோடு 1660இல் லண்டனில் தொடங்கிய சங்கம் ராயல் சொசைட்டி. யார் சொன்னாலும் சொன்னதற்காக நம்பிவிடாதே என்ற பொருள் தரும் லத்தீன் வாசகம்தான் அதன் குறிக்கோள். பெயரில் ராயல் என்று இருந்தாலும் அரசர் கொடுத்தது சாசனம்தான், படியளக்கவில்லை.

பாரிஸில் நிலைமை வேறு. அங்கிருந்த அறிவியல் அகாதெமி அரசு நிறுவனம். அதன் மேல்நிலை உறுப்பினர்களுக்கு அரசரே உதவித்தொகை கொடுத்தார். இங்கிலாந்தில் சில காலம் வாழ்ந்த வோல்டேர் இந்த வேறுபாட்டைக் கவனித்து எழுதினார். பாரிஸில் அகாதெமியில் இடம் கிடைத்தால் ஒரு கணித அறிஞருக்குப் பிழைப்பு நடக்கும், லண்டனிலோ உறுப்பினராக இருப்பதற்கு அவரே பணம் கட்ட வேண்டும் என்றார். அவரையும் 1743இல் ராயல் சொசைட்டி உறுப்பினராக்கியது.

வாரத்துக்கு ஒரு ஷில்லிங், ஆண்டுக்கு 52 ஷில்லிங் சந்தா. ஒரு லண்டன் கூலித் தொழிலாளியின் ஒரு மாத வருமானத்துக்கு நெருக்கமான தொகை அது. சேரும்போது நுழைவுக் கட்டணம் தனி. சந்தாவை ஒழுங்காகக் கட்டுவேன் என்று உறுதிப் பத்திரமும் எழுதிக் கொடுக்க வேண்டும். இத்தனை செய்தும் பாக்கி வைத்தவர்கள் நூற்றாண்டு முழுவதும் இருந்தார்கள். வெளிநாட்டு உறுப்பினர்களிடம் மட்டும் சந்தா வாங்குவதில்லை.

சங்கத்தின் கஜானா உறுப்பினர்களின் சட்டைப்பையை நம்பியே இருந்ததால், பையில் கனமுள்ளவர்களைச் சேர்க்காமல் அதனால் காலம் தள்ள முடியாது. பிரபுக்கள், பாதிரியார்கள், வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், பழம்பொருள் சேகரிப்பவர்கள் என்று பட்டியல் நீண்டது. தாமே ஆய்வு செய்தவர்கள் அதில் சிறுபான்மைதான். விஞ்ஞானியைக் குறிக்கும் 'சயின்டிஸ்ட்' என்ற சொல்லே 1830களில்தான் ஆங்கிலத்தில் உருவானது. அறிவியல் என்று ஒரு தொழில் இல்லாத காலத்தில், ஆர்வம் உள்ள எவரும் தகுதியானவராகத் தெரிந்ததில் வியப்பில்லை.

பத்துக் கூட்டம் தொங்கும் தாள்

ஆனால் ஆர்வம் இருக்கிறது என்று யார் சாட்சி சொல்வது? 1731இல் சங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. சேர விரும்புகிறவரின் பெயர், ஊர், தகுதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுத வேண்டும். குறைந்தது மூன்று உறுப்பினர்கள் அதில் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாள் பத்துக் கூட்டங்கள் வரை எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கும். பிறகுதான் ரகசிய வாக்கெடுப்பு. வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும்.

தேர்வானவர் நேரில் வந்து, தோல் ஏடுகளால் ஆன சாசனப் புத்தகத்தில் கையெழுத்திடுவார். தலைவர் அவர் கையைப் பிடித்து, சங்கத்தின் பெயரால் உங்களைச் சேர்த்துக்கொள்கிறேன் என்பார். நிறுவனர் என்ற முறையில் இரண்டாம் சார்லஸ் மன்னர் கையெழுத்திட்ட அதே புத்தகம் அது.

பிரபுக்களுக்கும் அவர்களின் மகன்களுக்கும் மட்டும் இந்தக் காத்திருப்பு கிடையாது. முன்மொழிந்த அன்றே வாக்கெடுப்பு நடத்திவிடலாம். மற்றவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குக்கின் தாள் தொங்கத் தொடங்கிப் பதினான்கு வாரங்கள் கழித்து, 1776 பிப்ரவரி 29 அன்றுதான் அவர் தேர்வானார்.

தாளில் வரும் சொற்களில் மிக முக்கியமானது 'நேரில் அறிந்த' என்பதுதான். அறிவு எவ்வளவு இருந்தாலும், அறிந்தவர் மூவர் உள்ளே இருந்தால்தான் கதவு திறக்கும். இந்த ஒரு நிபந்தனையை வைத்தே அந்தச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைப் புரிந்துகொள்ளலாம்.

சாயக்காரரும் நெசவாளரும்

ஸ்டீபன் கிரே, கேன்டர்பரியில் துணிக்குச் சாயம் போட்டுப் பிழைத்தவர். சணல் கயிறு வழியாக மின்சாரம் நெடுந்தூரம் ஓடும், பட்டு நூல் அதைத் தடுத்து நிறுத்தும் என்று 1729இல் செய்து காட்டியவர் அவர். பட்டுக் கயிற்றில் ஒரு சிறுவனைக் கிடையாகத் தொங்கவிட்டு, அவன் உடலுக்கு மின்னேற்றி, சிறு உலோகத் தகடுகள் அவன் கையை நோக்கித் தாவுவதைக் காட்டினார். முதுமையில் ஓர் அறச்சாலையின் ஆதரவில் வாழ்ந்த இந்த ஏழைக்குத்தான் சங்கத்தின் உயரிய காப்ளி பதக்கம் 1731இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. மறு ஆண்டும் அவருக்கே. அதன் பிறகு உறுப்பினரும் ஆனார்.

ஜான் டாலண்ட், பிரான்சிலிருந்து அகதிகளாக வந்த குடும்பத்தில் பிறந்து லண்டனில் பட்டு நெய்தவர். இருவகைக் கண்ணாடிகளைச் சேர்த்து, தொலைநோக்கியில் தோன்றும் வண்ண விளிம்புகளை நீக்கிக் காட்டினார். 1758இல் காப்ளி பதக்கம், 1761இல் உறுப்பினர் பதவி.

சாயக்காரரையும் நெசவாளரையும் உள்ளே இருந்தவர்கள் எப்படி அறிந்தார்கள்? சோதனை செய்ய நல்ல கருவி வேண்டும். கருவி செய்பவரின் பட்டறைக்கு டியூக்கின் பேரனும் போயாக வேண்டும். 1760இல் உறுப்பினரான ஹென்றி கேவண்டிஷ் அப்படிப்பட்ட பேரன்தான். ஹைட்ரஜன் வாயுவின் தன்மைகளை அளந்து சொன்ன அவருக்குத் தராசும் வெப்பமானியும் செய்து தர ஆள் தேவைப்பட்டது. பட்டறையில் தொடங்கிய பழக்கம் சில கைவினைஞர்களைக் கூட்ட அறைக்குக் கொண்டுவந்தது.

குக்கின் கதையும் இதுதான். 1769இல் சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடப்பதைப் பார்க்க அவர் மேற்கொண்ட டஹீட்டிப் பயணத்துக்கு அரசைத் தூண்டியது இந்தச் சங்கமே. அந்தக் கப்பலில் உடன் சென்றவர்கள் இளம் செல்வந்தர் ஜோசப் பேங்ஸும் தாவரவியலர் டேனியல் சோலாண்டரும். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஒரே கப்பலில் வாழ்ந்தவர்களைவிட 'நேரில் அறிந்தவர்' வேறு யார்?

கடிதத்தின் வழியாகப் பழக்கமானவர்களும் உண்டு. பிலடெல்பியாவில் அச்சகம் நடத்திய பெஞ்சமின் பிராங்க்ளின் மின்சாரம் பற்றி லண்டன் நண்பருக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாக வந்தன. 1756இல், அவர் கேட்காமலேயே சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. கட்டணம் எதுவும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது.

மூங்கிலுப்பு கடல் கடந்த கதை

தொலைதூரத்தில் இருந்த உறுப்பினர்களால் சங்கத்துக்கு என்ன பயன்? நம் கடற்கரையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் ரஸ்ஸல் விரியன் என்று பெயர். அந்த ரஸ்ஸல், 1777இல் உறுப்பினரான மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல். சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகளை ஆராய்ந்தவர். விசாகப்பட்டினத்தில் இருந்தபோது, மூங்கிலின் கணுக்களுக்கு உள்ளே உறைந்து கிடக்கும் ஒரு வெள்ளைப் பொருள் அவர் கண்ணில் பட்டது. சித்த மருத்துவத்தில் மூங்கிலுப்பு என்று சொல்வோமே, அதுதான். மூங்கிலைப் பிளந்து, எந்தக் கணுவில் எவ்வளவு கிடைக்கிறது என்று பார்த்து, மாதிரிகளோடு லண்டனுக்கு எழுதினார். கடிதம் 1790இல் சங்கத்தின் இதழில் வெளியானது.

மாதிரிகள் ஜேம்ஸ் மேசி என்ற இளைஞரின் கைக்குப் போயின. இருபதைச் சற்றே தாண்டிய வயதில், 1787இல் உறுப்பினரானவர். அமிலத்தில் போட்டார், நெருப்பில் காய்ச்சினார். செடிக்குள் விளைந்த இந்தப் பொருள், மணலுக்கும் கூழாங்கல்லுக்கும் அடிப்படையான சிலிக்கா வகையைச் சேர்ந்தது என்று 1791இல் எழுதினார். பிற்காலத்தில் அவர் ஸ்மித்ஸன் என்று பெயர் மாற்றிக்கொண்டார். அவர் எழுதிவைத்த சொத்திலிருந்து எழுந்ததுதான் வாஷிங்டனின் ஸ்மித்ஸோனியன் நிறுவனம்.

கணக்கும் கலகமும்

சந்தாவை நம்பிய சங்கத்தில் சந்தா வழியாகவே ஒரு முறை இடி விழுந்தது. ஆண்டுச் சந்தாவுக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை கட்டி ஆயுள் முழுவதும் இருந்துவிடலாம் என்ற வசதி உண்டு. 1763இல் எழுத்தராக வந்த இமானுவேல் மென்டிஸ் ட கோஸ்டா, சிப்பிகளையும் புதைபடிவங்களையும் நன்கு அறிந்த உறுப்பினர். அவர் மொத்தத் தொகை கட்டியவர்களை ஆண்டுச் சந்தா கட்டுபவர்களாகக் கணக்கில் காட்டி, மிச்சத்தைத் தானே வைத்துக்கொண்டார். 1767இல் குட்டு வெளிப்பட்டது. வேலை போனது, சிறையும் சேர்ந்தது.

குக்கோடு பயணம் செய்த பேங்ஸ் 1778இல் தலைவரானார். 1820இல் இறக்கும்வரை அவரே தலைவர். யார் சேரலாம், யார் கூடாது என்பதில் அவர் விருப்பமே எடுபடுகிறது என்ற புகார் விரைவில் எழுந்தது. சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து கணிதப் பேராசிரியராக உயர்ந்த சார்ல்ஸ் ஹட்டன், வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்துக்கான செயலாளர் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தபோது பூசல் வெடித்தது. கணித அறிஞர்களை ஒதுக்கிவிட்டு, செல்வந்தர்களுக்குத் தலைவர் கதவைத் திறக்கிறார் என்று 1783-84 குளிர்காலம் முழுவதும் கூட்டங்களில் வாதம் நடந்தது. வாக்கெடுப்பில் பேங்ஸ் வென்றார்.

வாசலுக்கு வெளியே

1786 ஆகஸ்ட் 1. வானியலர் வில்லியம் ஹெர்ஷல் ஜெர்மனிக்குப் போயிருந்த நேரம். அவருடைய தங்கை கரோலின் தனியாகத் தொலைநோக்கியில் ஒரு மங்கலான ஒளியைக் கண்டார். மறுநாள் இரவு அது இடம் மாறியிருந்தது, அதனால் வால்மீன் என்று உறுதியானது. உடனே சங்கத்தின் செயலாளருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் சங்கத்தின் இதழில் அச்சானது. 1797க்குள் எட்டு வால்மீன்களை அவர் கண்டறிந்தார். அரசர் ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் கொடுத்தார். அவர் தொகுத்த நட்சத்திரப் பட்டியலை 1798இல் சங்கமே தன் செலவில் வெளியிட்டது.

யுரேனஸைக் கண்டுபிடித்த அதே 1781இல் அண்ணன் உறுப்பினராகிவிட்டார். கரோலினை அறிந்தவர்கள் அந்தச் சங்கத்தில் மூன்று பேர் அல்ல, எத்தனையோ பேர். ஆனாலும் அவர் பெயரில் ஒரு தாள் தொங்கவில்லை. பெண்களுக்கு அந்தக் கதவு திறக்க 1945 ஆனது. கேத்லீன் லான்ஸ்டேலும் மார்ஜரி ஸ்டீபன்சனும் தேர்வானபோது சங்கத்துக்கு வயது 285.

குக்குக்கு உறுப்பினர் பதவி கிடைத்த அதே ஆண்டில் காப்ளி பதக்கமும் அறிவிக்கப்பட்டது. மூன்றாண்டுப் பயணத்தில் 118 பேரில் ஒரே ஒருவரை மட்டுமே நோய்க்கு இழந்தது எப்படி என்று அவர் எழுதிய கட்டுரைக்காக. பதக்கம் வழங்கப்பட்ட நாளில் அவர் கடலில் இருந்தார். 1779இல் ஹவாய்த் தீவில் கொல்லப்பட்டார். பதக்கத்தை வாங்கிக்கொண்டது அவர் மனைவி எலிசபெத்.

தாள் முறை மட்டும் பின்வந்த நூற்றாண்டுகளிலும் நீடித்தது. 1841இல் பம்பாயின் கப்பல் பொறியாளர் அர்தசீர் கர்செட்ஜி முதல் இந்திய உறுப்பினரானார். 1913இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர், இங்கிலாந்தில் யாரையும் அறியாமல், கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குத் தபாலில் சில தேற்றங்களை அனுப்பினார். ஐந்து ஆண்டுகள் கழித்து, கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜனின் பெயர் எழுதிய தாள் ராயல் சொசைட்டியில் வைக்கப்பட்டது. அவரை அறிந்தவர்கள் என்று கீழே கையெழுத்திட்டிருந்தவர்களில் ஹார்டியும் ஒருவர்.