கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள்

அமெரிக்காவில் 40 வயது தாண்டிய ஒருவரை வேலையைவிட்டு நீக்கும்போது, கடிதத்தோடு ஓர் ஒப்பந்தத்தையும் நீட்டுவது வழக்கம். கூடுதலாக ஒரு தொகை தருகிறோம், வயதைக் காட்டி வழக்குப் போடக்கூடாது என்பதுதான் அதன் சாரம். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் கல்லூரிச் செலவும் கண்முன் நிற்க, படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடத் தோன்றும். தயவுசெய்து போடாதீர்கள்.

வயதைக் காரணமாக வைத்து நீக்குவதை 1967ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 20 பேராவது வேலை செய்யும் நிறுவனங்களை அது கட்டுப்படுத்தும். எச்-1பி விசாவில் இருப்பவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. 1990இல் வந்த திருத்தப்படி, ஒப்பந்தத்தை யோசிக்க உங்களுக்கு 21 நாள் தர வேண்டும். கூட்டமாக ஆட்குறைப்பு என்றால் 45 நாள். கையெழுத்திட்ட பிறகும் 7 நாளுக்குள் மனம் மாறலாம். வழக்கறிஞரைப் பாருங்கள் என்று நிறுவனமே எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

கூட்டமாக நீக்கும்போது இன்னொரு தாளும் வரும். உங்கள் பிரிவில் யாரை நீக்கினார்கள், யாரை வைத்துக்கொண்டார்கள் என்பது பதவி, வயது வாரியாக அதில் இருக்கும். பெயர்கள் இருக்காது. நான் முதலில் படிக்கச் சொல்வது அதைத்தான். போனவர்கள் ஐம்பதுகளிலும் இருப்பவர்கள் முப்பதுகளிலும் இருந்தால் வழக்கறிஞரிடம் அவசியம் காட்டுங்கள்.

இந்த விதிகளை மீறி வாங்கிய கையெழுத்து, வயதுப் பாகுபாட்டு வழக்கைத் தடுக்காது. லூசியானாவில் ஒரு மின் நிலைய ஊழியருக்கு 14 நாள்தான் அவகாசம் தந்தார்கள். வாங்கிய பணத்தைத் திருப்பித் தராமலே அவர் வழக்கு நடத்தலாம் என்று 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் வழக்கில் வெல்ல அந்த வயதுப் பட்டியல் மட்டும் போதாது. வயது காரணமாக இல்லாவிட்டால் நீக்கியிருக்க மாட்டார்கள் என்று நிரூபிக்கும் பொறுப்பு ஊழியருடையது. 2009இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புதான் அதை இவ்வளவு கடினமாக்கியது. பல வருடம் நல்ல மதிப்பீடு வாங்கியவருக்குத் திடீரென மோசமான மதிப்பீடு, “இளம் ரத்தம் வேண்டும்” என்ற மேலாளரின் பேச்சு, உங்கள் இடத்துக்கு வந்தவரின் வயது ஆகியவற்றைத் தேதியோடு எழுதி வையுங்கள். நிறுவனத்தின் ரகசிய ஆவணங்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினால் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

புகாரைச் சமவேலைவாய்ப்பு ஆணையத்தில் 180 நாளுக்குள் கொடுக்க வேண்டும். வயதுப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டமும் அதைக் கவனிக்கும் அமைப்பும் உள்ள மாநிலங்களில் 300 நாள். நீக்கம் பற்றி உங்களுக்குச் சொன்ன நாளிலிருந்தே கணக்கு தொடங்கும். கடைசி வேலை நாளிலிருந்து அல்ல. நிறுவனத்துக்குள் மேல்முறையீடு செய்தாலும் கெடு நிற்காது. அதனால் உள்ளே பதில் வரட்டும் என்று காத்திருக்காமல் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.