கம்பளத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

கண்ணாடி இழையாலான (ஃபைபர்) உடல் துருப்பிடிக்காது என்று சொல்லித்தான் பிரிட்டனில் பழைய லோட்டஸ் கார்களை விற்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் ஃபைபர் விரிசல் விடும், அடுக்கடுக்காகப் பிரியும், போல்ட் துளையைச் சுற்றிப் பிய்ந்து வரும்.

1957இல் அறிமுகமான லோட்டஸ் எலீட் மாடலில் தனி சேஸிஸே (அடிச்சட்டம்) கிடையாது. பாரத்தையெல்லாம் ஃபைபர் உடலே தாங்கியது. 1962இல் வந்த எலான் மாடலுக்கு நடுவில் இரும்பு சேஸிஸ் உண்டு, தரை ஃபைபர்தான். அந்தத் தரையில் ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கினால் போதும், விரிசல் விழுந்துவிடும். விரிசலின் மேல் மெல்லிய ஃபைபர் மேட் ஒன்றை ஒட்டி, பட்டி பூசி, கறுப்பு அடித்து, கம்பளத்தை விரித்துவிட்டால் வாங்குபவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. விபத்து நடக்கும்போது இருக்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் அது.

கண்டுபிடிக்க ஒரு நாணயம் போதும். கம்பளத்தைத் தூக்கிவிட்டுத் தரையெங்கும் தட்ட வேண்டும். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும்; அடுக்கு பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். பிறகு ஒருவர் இருக்கையைப் பிடித்து ஆட்ட, இன்னொருவர் கீழிருந்து டார்ச் அடித்து போல்ட்டுகளைப் பார்க்கட்டும். தரையும் சேர்ந்து ஆடினால் பட்டி வேலையெல்லாம் உதவாது.

முறையான பழுது என்றால், பழைய பெயின்ட்டை முழுக்க எடுத்து, உடைந்த ஓரத்தை நீளச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 1 மி.மீ. கனத்துக்குச் சுமார் 12 மி.மீ. சரிவு. அதன்மேல் மேட்டும் ரெசினும் அடுக்கடுக்காக ஏற வேண்டும். இருக்கை போல்ட்டுக்குக் கீழே அகலமான இரும்புத் தகடு கட்டாயம்.

வீட்டிலேயே செய்கிறவர்கள் ஹார்டனரிடம் மிகுந்த எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் ரெசினோடு ஹார்டனராக வரும் பெராக்ஸைடு கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வை போகக்கூடும். உடனே தண்ணீரால் நெடுநேரம் கழுவிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ரெசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரீன் ஆவியைச் சாதாரண தூசி மாஸ்க் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய மாஸ்க் தேவை. ஹார்டனர் கலந்து மிஞ்சிய ரெசினைக் கோப்பையில் குவித்து வைத்தால் அது தானாகவே சூடேறிப் புகையும்.

வாங்கிய பின் இந்தக் கோளாறு தெரிந்தால்? டீலரிடம் வாங்கியிருந்தால் பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் துணைக்கு வரும். ‘இருக்கிற நிலையிலேயே விற்பனை’ என்று ரசீதில் எழுதிவிட்டு அவர் தப்ப முடியாது. விற்கும்போதே இருந்த கோளாறு என்றால் 30 நாளுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதன்பின் பழுதுபார்த்துத் தரக் கேட்கலாம். அப்படி 6 மாதத்துக்குள் கேட்டால், கோளாறு முன்பே இல்லை என்று நிரூபிப்பது டீலர் பொறுப்பு. முன்கூட்டியே சொல்லி விற்ற குறைக்கு இது பொருந்தாது. காரின் வயதும் கணக்கில் வரும். தனிநபரிடம் வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. கார் விற்பவர் சொன்னபடி இருக்க வேண்டும், பெரும்பாலும் அவ்வளவே. ஆகவே தரையில் ஒட்டுவேலை நடந்திருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குவது நல்லது.

பட்டறை வேலைக்கும் அதே சட்டம்தான். நியாயமான கவனமும் திறமையும் இல்லாமல் செய்தால் மறுபடி செய்து தர வேண்டும். முடியாதென்றால் கட்டணத்தைக் குறைக்க வேண்டும். கம்பளம் விரிக்கும் முன், ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் 10,000 பவுண்டு வரையிலான தகராறு பொதுவாகச் சிறு வழக்கு நடைமுறையில் முடியும்; அங்கே அந்தப் படங்கள்தான் பேசும்.